தினசரிப் பயணத்தில் டர்போ கார்: மைலேஜ் எங்கே போகிறது?

கேள்வி: ஹூண்டாய் ஐ20 என் லைன் டர்போ வாங்க ஆசை. தினமும் தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் போய்வர, லிட்டருக்கு 20 கி.மீ. கிடைக்குமா?

பதில்: நெரிசல் நேரத்தில் கிடைக்காது. அந்த 20, ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் காரை ஓட்டி எடுத்த அளவு. அந்தச் சோதனையின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 32 கி.மீ.; உச்சம் 90.

இந்தக் காரின் எஞ்சின் 998 சிசி, மூன்று சிலிண்டர், 120 பிஎஸ். மைலேஜ் குறைந்தால் பலரும் டர்போவைத்தான் திட்டுகிறார்கள். ஆனால் நகரத்தில் பெட்ரோலைப் பெரிதும் தின்பது பிரேக். காரும் ஓட்டுநரும் சேர்ந்து 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 60 கி.மீ. வேகத்திலிருந்து முழுதாக நின்றால், அத்தனை ஆற்றலும் பிரேக்கில் சூடாகிப் போகிறது. மறுபடி அந்த வேகத்தைத் தொட ஏறக்குறைய 20 மில்லி பெட்ரோல் வேண்டும். ஐம்பது முறை நின்று கிளம்பினால் ஒரு லிட்டர் காலி!

ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் டர்போ எஞ்சினுக்குப் பசி கூடும் என்பதும் உண்மைதான். ஆனால் இந்த எஞ்சினின் 172 என்எம் இழுவிசை 1,500 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது. எனவே கியரைச் சீக்கிரம் உயர்த்தலாம், கார் திணறாது.

தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிகிறதா? கியரிலேயே விட்டுக் காலை எடுத்தால் இன்ஜெக்டர்கள் பெட்ரோலை நிறுத்திவிடும். நியூட்ரலில் உருட்டினால் எஞ்சின் ஓட பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும். பலர் இதைத் தலைகீழாக நம்புகிறார்கள்.

உங்கள் மைலேஜை அறிய, டேங்க்கை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மறுபடி நிரப்பும்போது பிடிக்கும் லிட்டரால் வகுத்துப் பார்ப்பது டிஸ்ப்ளே காட்டும் எண்ணைவிட நம்பகமானது.