லெஃப்ட் கார்னர் தம்பிக்கு ப்ரோ கபடியில் இடம் உண்டா?

கேள்வி: என் தம்பிக்கு 20 வயது. கல்லூரி கபடி அணியில் லெஃப்ட் கார்னர் ஆடுகிறான். எடை 76 கிலோ, ஆள் அவ்வளவு உயரமில்லை. ஊர்ப் போட்டிகளில் ஒரு ஆட்டத்துக்கு ஐந்தாறு பிடியாவது பிடித்துவிடுவான். ‘இவன் நேரா ப்ரோ கபடிக்கே போகலாம்’ என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு, படிப்பை விட்டுச் சென்னைக்குக் கப்பல் ஏறத் துடிக்கிறான். ஒரு டிஃபெண்டரிடம் தேர்வாளர்கள் எதைப் பார்ப்பார்கள்? உயரக் குறைவு தடையாகுமா?

- ஒரு வாசகி, சௌல்தாரி, தெற்கு அந்தமான்

பதில்: அந்த ஐந்தாறு பிடிக்காகத் தம்பி எத்தனை முறை பாய்ந்தார்? நான் முதலில் கேட்பது இதைத்தான். பிடி விழுந்தால் அணிக்கு ஒரு புள்ளி. நழுவினால் நஷ்டம் பெரிது. உதவிக்கு வந்து கைவைத்த கவர் வீரரும் சேர்ந்து வெளியேறுவார், ரைடருக்கு இரண்டு புள்ளி போகும். அணி மறுபடி புள்ளி எடுத்து, வெளியேறிய வரிசையில் முறை வந்தால்தான் தம்பி உள்ளே வரலாம். அதுவரை அந்தக் கார்னரில் அவர் இல்லை. எட்டு முறை பாய்ந்து ஆறு பிடித்தவரும் பதினைந்து முறை பாய்ந்து ஆறு பிடித்தவரும் ஊர்க்காரர்கள் கண்ணுக்கு ஒன்றுதான். தேர்வாளர் கண்ணுக்கு இரண்டாமவர் அணிக்குச் சுமை.

எந்தத் தரையில் பிடித்தார் என்பதையும் பாருங்கள். உங்கள் தீவில் வருஷத்தில் பாதிக்கு மேல் மழை. ஈரமண்ணில் ரைடரின் கால் வழுக்கும், ஆங்கிள் ஹோல்டு சுலபமாகச் சிக்கும். ஷூ போட்டுக்கொண்டு மேட் தரையில் வரும் ரைடர் அதே இடத்தில் சட்டென்று திரும்பிவிடுவார்.

கார்னரின் உண்மையான சோதனை பொறுமை. ஆறு பேருக்குக் குறையாமல் களத்தில் நிற்கும்போதுதான் போனஸ் கிடைக்கும் என்பதால், அப்போது கெட்டிக்கார ரைடர் கோட்டை நோக்கிக் காலை நீட்டிக் காட்டுவார். அது கார்னருக்குப் போடும் தூண்டில். அட்வான்ஸ் டேக்கிளுக்குப் பாய்ந்த இளம் கார்னரின் முதுகைத் தொட்டுவிட்டு அவர் போய்க்கொண்டே இருப்பார். தொடர்ந்து இரண்டு ரைடு வெறுமையாகப் போய், மூன்றாவதாக டூ ஆர் டை ரைடு வரும்போது நிலைமை தலைகீழ். புள்ளி எடுத்தே ஆகவேண்டிய கட்டாயம் ரைடருக்கு, முப்பது வினாடியும் ஓடிக்கொண்டிருக்கும். அப்போதும் தம்பி முந்திக்கொண்டு பாய்கிறாரா? கடைசிப் பத்து வினாடிவரை இடுப்பைத் தாழ்த்தி நின்று, பக்கத்தில் இருப்பவரின் கையை விடாமல் செயினைக் காப்பாற்றுகிறாரா? களத்தில் மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ மிஞ்சும்போது சூப்பர் டேக்கிளுக்கு ஒரு புள்ளி கூடுதல். பயந்து பின்கோட்டில் ஒட்டி நிற்பவரும் உண்டு, ஆசையில் அவசரப்படுபவரும் உண்டு. தம்பி எந்த வகை என்று ஒரே ஆட்டத்தில் தெரிந்துவிடும்.

இவையெல்லாம் தனியாக வருவதில்லை. 2022-ல், ஒன்பதாவது சீசனில், தமிழ் தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனபோது ரைட் கார்னரில் சாகர், லெஃப்ட் கார்னரில் சாஹில் குலியா. இருவரும் இளைஞர்கள். ஒரு பக்கம் ரைடரைத் தடுத்து நிறுத்த, மறுபக்கம் வழியை அடைத்த அந்தப் புரிதலை அந்த சீசன் ஆட்டங்களில் தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். தான் பிடிக்காத ரைடுகளில் ஒரு கார்னர் என்ன செய்கிறார் என்பதை நான் மிகவும் கவனிப்பேன்.

உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். சங்கப் போட்டிகளில் ஆண்கள் சீனியர் பிரிவுக்கு 85 கிலோதான் உச்சவரம்பு. 76 கிலோ கார்னருக்குப் போதும், தொடையிலும் மணிக்கட்டிலும் வலு கூடினால் சரி. அமெரிக்க ஃபுட்பாலிலும் இதே விவாதம் உண்டு. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஆரோன் டொனால்டை, தற்காப்பு வரிசைக்கு உடம்பு சிறிது என்று சொன்னார்கள். 2014 டிராஃப்டில் 12 பேர் எடுக்கப்பட்ட பிறகே அவர் பெயர் வந்தது. பின்னாளில் ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரர் விருதை மூன்று முறை வாங்கினார். கால் வேகமும் கைகளின் தேர்ச்சியும் அளவுகோலுக்குள் அடங்கவில்லை.

படிப்பை விடுவதை மட்டும் எப்படியாவது தடுங்கள். கல்லூரிதான் தம்பிக்கு இருக்கும் நல்ல வழி. கல்லூரி அணியிலிருந்து பல்கலைக்கழக அணி, பிறகு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி, அதில் தேறினால் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள். ஒன்பதாவது சீசன் ஏலப் பட்டியலில் அந்த விளையாட்டுகளில் முதல் இரண்டு இடம் பிடித்த அணிகளின் வீரர்களைச் சேர்த்தார்கள். 23 வயதுக்குட்பட்டோருக்கென்று 2022-ல் தொடங்கிய யுவ கபடித் தொடரும் இருக்கிறது. கார்னருக்குக் காலமும் உண்டு. தஞ்சாவூர் மாவட்டத்துக்காரரான தர்மராஜ் சேரலாதன், ரைட் கார்னர், நாற்பதைக் கடந்த பிறகு 2016-ல் பட்னா பைரேட்ஸுக்குக் கேப்டனாகக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். இருபது வயதில் பட்டப்படிப்பை முடிக்கும்வரை பொறுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

எந்தப் பயிற்சியாளருக்காவது வீடியோ அனுப்புவதானால், விழுந்த பிடிகளை மட்டும் வெட்டி ஒட்டி அனுப்பாதீர்கள். பலமான எதிரணியிடம் தோற்ற ஆட்டம் ஒன்றை நாற்பது நிமிடமும் முழுசாக அனுப்புங்கள். பின்கோட்டுக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். ரைடர் எதிர்ப்பக்கம் போகும்போதும் தம்பியின் கால்கள் படத்தில் தெரியவேண்டும்.