ஈட்டி எறிந்த கை

ஆரியங்கோட்டில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் பேஸ்பால் ஆடுகிறார்கள். அதில் பந்து தரையில் குத்தாது. ஓடி வந்து வீசவும் கூடாது. நின்ற இடத்திலிருந்தே எறிய வேண்டும்.

ரிங்கு சிங் உத்தரப் பிரதேசத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்பா லாரி ஓட்டுநர். வீட்டில் பிள்ளைகள் ஒன்பது பேர். ரிங்கு ஈட்டி எறியப் பழகினார். பேஸ்பால் ஆடியதே இல்லை. 2008-இல் வேகமாகப் பந்து எறியும் போட்டி ஒன்று நடந்தது. ரிங்கு எறிந்த பந்து மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது. பரிசு ஒரு லட்சம் டாலர்!

அமெரிக்கா போனார். அங்கே பந்து வீசக் கற்றார். ஆங்கிலமும் கற்றார். வளர்ந்த பிறகு எழுத்துப் படிப்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும். அந்த நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. அதே போட்டிக்கு வந்த தினேஷ் பட்டேலையும் சேர்த்தது. அமெரிக்காவில் பேஸ்பாலைத் தொழிலாகக் கொண்ட முதல் இந்தியர்கள் இவர்களே.

தினேஷ் 2010-இல் விடுவிக்கப்பட்டார். ரிங்கு கீழ்நிலை அணிகளில் தொடர்ந்து ஆடினார். பிறகு கையில் காயம். மேல் அணியில் இடம் கிடைக்கவே இல்லை. 2018-இல் தொலைக்காட்சி மல்யுத்தத்துக்கு மாறினார்.

எழுதுங்கள்: ரிங்கு முதலில் எதை எறியப் பழகினார்?