பாய்மரம் சொல்லும் சேதி

தூரத்தில் ஒரு பாய்க்கப்பல் வருகிறது. கரையில் நிற்பவர் கண்ணுக்கு முதலில் எது தெரியும்? கப்பலின் உடல் தெரியாது. பாய்மரத்தின் உச்சிதான் தெரியும். பூமி உருண்டையானது. அதனால் கப்பலின் கீழ்ப்பகுதி கடலின் வளைவில் மறைந்திருக்கும். கப்பல் நெருங்க நெருங்க, உடல் மெல்ல மேலே எழும்புவது போலத் தெரியும்.

அந்தக் காலத்தில் கப்பல்களில் வானொலி கிடையாது. வருவது சரக்குக் கப்பலா? போர்க் கப்பலா? நண்பரா? பகைவரா? தெரிந்துகொள்ளத் தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, பாய்மரங்களைப் பார்த்தே கப்பலின் வகையை அறிய மாலுமிகள் பழகினார்கள். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் கப்பலைப் 'படித்தார்கள்'. அதற்கு மூன்று கேள்விகள் போதும்.

1. பாய்மரங்கள் எத்தனை?

நிமிர்ந்து நிற்கும் மரங்களை மட்டும் எண்ண வேண்டும். கப்பலின் முன்னால் மூக்குப் போல ஒரு மரம் நீட்டிக்கொண்டிருக்கும். அதை எண்ணக் கூடாது.

2. பாய் எப்படிக் கட்டப்பட்டுள்ளது?

பாய் இரண்டு விதம். ஒன்று குறுக்குப் பாய். தராசுக் கோல் போல, பாய்மரத்தின் குறுக்கே ஒரு மரம் தொங்கும். இது குறுக்குமரம். அதில் நான்கு மூலைப் பாய் கட்டப்பட்டிருக்கும். பின்னாலிருந்து காற்று வீசினால் கப்பல் விரைந்து ஓடும். ஆனால் பாயைச் சுருட்ட ஆட்கள் உயரே ஏற வேண்டும். புயலிலும் இருட்டிலும் ஏற வேண்டும். கை நழுவினால் உயிர் போகும். 'லஸ்கர்' எனப்பட்ட இந்திய மாலுமிகள் பலர், அயல்நாட்டுக் கப்பல்களில் இந்த வேலையைச் செய்தார்கள்.

மற்றது நெடுக்குப் பாய். இது கப்பலின் நீளவாக்கில் இருக்கும். கதவு கீலில் திரும்புவது போல மரத்தைப் பற்றித் திரும்பும். காற்று எதிர்ப்பக்கமாக வீசினாலும், வளைந்து வளைந்து முன்னேறலாம். பெரும்பாலும் தளத்தில் நின்றபடியே கயிற்றை இழுக்கலாம். குறைந்த ஆட்கள் போதும்.

3. எந்தெந்த மரத்தில் குறுக்குமரம் உண்டு?

துறைமுகத்தில் பாய்கள் சுருட்டப்பட்டிருக்கும். ஆனால் குறுக்குமரங்கள் கண்ணுக்குத் தெரியும். எனவே அவற்றைப் பார்ப்பதே நல்லது.

இரண்டு பாய்மரங்கள் இருந்தால்:
இரண்டிலும் குறுக்குமரம் – பிரிக்
முன்மரத்தில் மட்டும் – பிரிகண்டைன்

மூன்று பாய்மரங்கள் இருந்தால்:
மூன்றிலும் குறுக்குமரம் – முழுப் பாய்க்கப்பல்
கடைசி மரத்தில் மட்டும் இல்லை – பார்க்
முன்மரத்தில் மட்டும் உண்டு – பார்கண்டைன்
எதிலும் இல்லை – ஸ்கூனர்

இரண்டு மரமுள்ள ஸ்கூனரும் உண்டு.

நம் நாட்டில் கட்டிய கப்பல்கள்

'டிரிங்கோமலி' என்ற போர்க் கப்பல் பம்பாயில் கட்டப்பட்டது. இலங்கையின் திருகோணமலையைத்தான் ஆங்கிலேயர் இப்படி அழைத்தார்கள். ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா என்ற பார்சி வல்லுநரின் மேற்பார்வையில், தேக்கு மரத்தால் உருவானது. 1817-ஆம் ஆண்டு கடலில் இறக்கப்பட்டது. அதற்கு மூன்று பாய்மரங்கள். மூன்றிலும் குறுக்குமரம் உண்டு. ஆகவே அது முழுப் பாய்க்கப்பல். இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் நீரில் மிதக்கிறது. இந்தியத் தொழிலாளர் கைவண்ணத்துக்கு அது சாட்சி.

'தரங்கிணி' நமது கடற்படையின் பயிற்சிக் கப்பல். கோவா கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்டது. 1997-இல் கடற்படையில் சேர்ந்தது. 2003–2004-இல் உலகைச் சுற்றி வந்தது. இதற்கும் மூன்று பாய்மரங்கள். ஆனால் கடைசி மரத்தில் குறுக்குமரம் இல்லை. எனவே இது பார்க் வகை. பயிற்சி பெறும் இளைஞர்கள் இதன் பாய்மரங்களில் ஏறிப் பழகுகிறார்கள்.

2012-இல் 'சுதர்சினி' என்ற கப்பலும் சேர்ந்தது. அதுவும் கோவாவில் கட்டப்பட்டதே. அதுவும் பார்க் வகையே. இரண்டும் அக்காள் தங்கை போல இருக்கும். தூரத்தில் வருவது தரங்கிணியா, சுதர்சினியா? பாய்மரங்களை எண்ணி இதைச் சொல்ல முடியாது. கப்பல் அருகில் வர வேண்டும். அதன் மேல் எழுதியுள்ள பெயரைப் படிக்க வேண்டும்.

பாய்மரம் கப்பலின் வகையைச் சொல்லும். பெயரை எழுத்துதான் சொல்லும். இரண்டையும் படிக்கத் தெரிந்தவருக்கே முழுச் சேதியும் கிடைக்கும்.

பயிற்சி

1. தூரத்தில் வரும் கப்பலில் முதலில் தெரிவது எது? ஏன்?
2. குறுக்குப் பாய்க்கு ஏன் அதிக ஆட்கள் தேவை?
3. ஒரு கப்பலில் மூன்று பாய்மரங்கள். முன்மரத்தில் மட்டும் குறுக்குமரம். அது என்ன வகை?
4. தரங்கிணியின் படத்தை வரையுங்கள். பக்கத்தில் அதன் பெயரை எழுதுங்கள்.