இரு கம்பியும் பல மோட்டாரும்

பலர் கூடிச் செய்யும் தொழில் இனிது முடிய வேண்டுமாயின் வலிமை மட்டும் போதாது. ஒருவர் குறிப்பை மற்றவர் அறிதலும் வேண்டும். இவ்வுண்மை மோட்டார்களுக்கும் பொருந்துமென்பதை, இலக்கியம் பயிலும் யான் சென்ற கோடை விடுமுறையில் கிண்டியிலுள்ள ஒரு பட்டறையிற் கண்டு தெளிந்தேன். அதனை ஈண்டு எழுதத் துணிந்தேன். பிழை உளவேல் பௌதிக மாணவர் பொறுப்பாராக.

மாம்பலம் நிலையத்தில் வந்து நிற்கும் மின்சார ரயிலை நோக்குமின். அதில் மோட்டார்ப் பெட்டிகள் பல, ஓட்டுநர் ஒருவரே. அவர் முன்பெட்டியில் ஒரு கைப்பிடியை நகர்த்த, எல்லா மோட்டார்களும் ஒருங்கே இயங்குகின்றன. இம்முறையை 1897-இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பிராங்க் ஸ்பிரேக் என்பார் செய்து காட்டினார். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். ஆயின் ஸ்பிரேக் வகுத்த வழியில், கட்டளை பெருகுந்தோறும் கம்பியும் பெருகும்.

செய்தியை ஒவ்வோர் எழுத்தாக, ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினால் பல கம்பிகள் வேண்டா. பழந்தந்தி புள்ளியும் கோடுமாகச் சென்றது இவ்வாறே. இதனைத் தொடர்வழிச் செய்தி எனலாம். இதற்கு உரிய மொழிகளுள் ஒன்று, மாடிகான் நிறுவனத்தார் 1979-இல் வெளியிட்ட மாட்பஸ்; கம்பிக்கு உரிய விதி, 1983-இல் வெளிவந்த ஆர்.எஸ். 485. மாட்பஸ் முறையில் தலைமைக் கருவி ஒன்றே முதலிற் பேசும். ஏனையவற்றுக்கு 1 முதல் 247 வரை எண்கள் உண்டு. தன் எண்ணைக் கேட்ட கருவி மட்டும் மறுமொழி கூறும். இரண்டுக்கு ஒரே எண் இட்டால் இரண்டும் ஒருங்கே பேச, எதுவும் விளங்காது.

கிண்டித் தொழிற்பேட்டை 1958-இல் ஏற்பட்டது. அங்குள்ள சிறு பட்டறையொன்றில் என் தாய்மாமன் மின்வேலை பார்க்கிறார். ஆண்டுக் காகிதச் சுருளை அவிழ்த்து, அழுத்தி, மீண்டும் சுற்றும் பொறி ஒன்றுண்டு. அதன் மூன்று மோட்டார்களுக்கும் மூன்று டிரைவ்கள். டிரைவ் என்பது மின்னோட்டத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தை மாற்றுங் கருவி. நான்கு துருவ மோட்டாரின் காந்தப்புலம், 50 அதிர்வில் நிமிடத்துக்கு 1500 முறையும், 25 அதிர்வில் 750 முறையும் சுழலும். மூன்றும் ஒத்த வேகத்தில் ஓடாவிடின் காகிதம் கிழியும்.

புதிதாகக் கம்பி பூட்டிய நாள்முதல் நடு டிரைவ் அடிக்கடி நின்றது, காகிதம் கிழிந்தது. டிரைவே பழுதென்று மாமா கூற, முதலாளி புதியதொன்று வாங்கினார். அதுவும் நின்றது. அதன் விலையை மாமாவின் சம்பளத்திற் பிடிப்பதென்ற பேச்சு எழுந்தது. அன்று மாமா என்னை அழைத்து, அலமாரியில் பிரிக்கப்படாது கிடந்த ஆங்கிலக் கையேட்டைக் கொடுத்துப் பொருள் சொல்லக் கேட்டார்.

படிக்கப் படிக்க மூன்று குற்றங்கள் புலனாயின.

முதலாவது, வீட்டு விளக்குகளுக்கு இழுப்பதுபோல், ஒரு பெட்டியினின்று மூன்று கிளைகளாகக் கம்பி சென்றிருந்தது. அங்ஙனம் கிளைத்தல் ஆகாது. மயிலை மாடவீதியில் பூத்தொடுப்பார் ஒரே நாரில் பூக்களைச் சேர்ப்பதுபோல, ஒரே கம்பி ஒரு டிரைவிலிருந்து அடுத்ததற்குச் செல்ல வேண்டும்.

இரண்டாவது, கம்பியின் இரு கோடிகளிலும் 120 ஓம் மின்தடை இல்லை. அஃதில்லையேல் கோடியை அடைந்த மின்னலை, சுவரில் மோதிய குரல்போல் மீண்டு வந்து அடுத்த செய்தியைக் குழப்பும். கோடிகளில் மட்டுமே அதனை இடவேண்டும், இடையில் இடலாகாது.

மூன்றாவது, செய்திக்கம்பி மோட்டார்க்கம்பியோடு ஒரே தட்டிற் கிடந்தது. டிரைவ் வினாடிக்குப் பல்லாயிரம் முறை மின்னழுத்தத்தை வெட்டி வெட்டி விடுவதால், மோட்டார்க்கம்பி பேரிரைச்சல் எழுப்பும். செய்திக்கம்பிகள் இரண்டையும் முறுக்கி வைப்பது இதன் பொருட்டே. இரைச்சல் இரண்டிலும் ஒப்பப் படியும். ஏற்குங் கருவியோ இரண்டின் வேற்றுமையை மட்டுமே நோக்கும். எனினும் அளவு மிஞ்சின் முறுக்கும் காவாது. ஆதலின் இரண்டையும் அகற்றியிடுக. குறுக்கிட நேரின் செங்கோணத்திற் கடக்கச் செய்க.

டிரைவ் நின்ற காரணமும் இப்போது விளங்கிற்று. குறித்த காலத்துள் கட்டளை வாராவிடின் தானே நிற்குமாறு அதனை அமைத்திருந்தனர். காவலின் பொருட்டு நின்றதையே நாங்கள் பழுதென்று எண்ணினோம்.

மறுநாள் மின்சாரத்தை நிறுத்தி, டிரைவினுள் தங்கிய மின்னேற்றம் அடங்கக் கையேடு கூறிய நேரம் காத்திருந்து, மாமா எல்லாவற்றையும் மாற்றிப் பூட்டினார். ஆபத்துக் காலத்தில் பொறியை நிறுத்தும் பொத்தானுக்கு மட்டும் முன்போலவே தனிக்கம்பி இருந்தது. உயிர்காக்குங் கட்டளையைச் செய்திக்கம்பியின்மேல் விடலாகாது என்பது அவர் கொள்கை. மாலைவரை பொறி ஓடிற்று; காகிதம் கிழியவில்லை.

பின்னர் அவர் முதலாளியிடம் சென்று, “குற்றம் டிரைவில் இல்லை ஐயா, நான் பூட்டிய முறையிலேதான்,” என்றார். முதலாளி சற்றுநேரம் பேசாதிருந்து, புதிய டிரைவை உதவிக்கென வைத்துக்கொள்வதாகக் கூறினார். சம்பளப் பேச்சு அதன்பின் எழவில்லை.

வீடு திரும்புங்கால் மாமா, “மருமகனே, இந்தப் புத்தகம் தமிழில் இருந்தால் முதல் நாளே படித்திருப்பேன்,” என்றார். இருபது ஆண்டு கைத்தேர்ச்சியுடைய ஒருவர் நான்கு பக்கம் படிக்க இயலாமையால் தலைகுனிய நேர்ந்ததே என்று வருந்தினேன். தமிழ் பயிலும் நாம் பழம்பாட்டுக்கு உரை காண்பதோடு அமையாது, இத்தகைய நூல்களையும் தொழிலாளர்க்கு விளங்குந் தமிழில் எழுதுவோமாக. அக்கையேட்டின் கம்பிப் பகுதியை யான் தமிழாக்கி மாமாவிடம் கொடுத்துள்ளேன். அது இப்போது அப்பட்டறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது.