வேரடி மண்

நுழையும்முன்

வயலில் விளைவன நெல்லும் பயறும் மட்டுமல்ல. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களும் அங்கே பெருகுகின்றன. உழவர் எதை விதைக்கிறார், எப்படி நீர் கட்டுகிறார், எந்த எருவை இடுகிறார் என்பதற்கேற்ப அவற்றின் தொகையும் வகையும் மாறுகின்றன. அம்மாற்றமே அடுத்த பருவத்து விளைச்சலுக்கு அடிகோலுகிறது.

தை மாதம். காவிரிப் படுகையில் சம்பா நெல் முற்றிக் கதிர் சாய்ந்து நிற்கிறது. அறுவடைக்கு ஒரு வாரமோ பத்து நாளோ இருக்கையில், மண் மெழுகுபதமாக இருக்கும் தருணம் பார்த்து, நிற்கும் பயிரினூடே உழவர் உளுந்தையும் பச்சைப்பயற்றையும் தூவிச் செல்கிறார். அதற்கெனத் தனி உழவு இல்லை, பாசனம் இல்லை. நெல் விட்டுச்சென்ற ஈரத்திலும் பனியிலுமே பயறு முளைத்துப் பூத்துக் காய்க்கிறது. 'நெல் தரிசுப் பயறு' எனப்படும் இம்முறை, மண்ணுக்குள் நிகழும் ஒரு கூட்டுவாழ்வை நம்பியே நடைபெறுகிறது.

வேர் வைக்கும் விருந்து

வளமான மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்தால் அதில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கும். அவற்றுடன் பூஞ்சைகளும் பாசிகளும் ஓரணு உயிர்களும் வாழ்கின்றன. இவை மண்ணெங்கும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. வேரைச் சுற்றியுள்ள சில மில்லிமீட்டர் அகல மண்ணிலேயே மிகுதியாகக் குழுமுகின்றன. இப்பகுதியை வேரடி மண்டலம் என்பர்.

இதற்குக் காரணம் உண்டு. இலைகள் ஒளிச்சேர்க்கையால் ஆக்கும் உணவில் ஒரு பகுதியை வேர்கள் சர்க்கரையாகவும் அமிலங்களாகவும் மண்ணில் கசியவிடுகின்றன. இக்கசிவு பயிருக்குப் பயிர் வேறுபடும். ஆகவே, ஒவ்வொரு பயிரும் தனக்குரிய நுண்ணுயிர்க் கூட்டத்தைத் தன் வேரடியில் திரட்டிக்கொள்கிறது.

பயறு வகைகளின் வேர் கசியவிடும் சில வேதிப்பொருள்கள் ரைசோபியம் என்னும் பாக்டீரியாவை அழைக்கின்றன. அதுவும் ஒரு வேதிப்பொருளால் மறுமொழி தருகிறது. வேர்த்தூவி சுருண்டு அதனை உள்ளே ஏற்கிறது; அவ்விடத்தில் வேர்முடிச்சு உருவாகிறது. காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தும் செடியால் அதனை நேரடியாகப் பயன்படுத்த இயலாது. முடிச்சுக்குள் வாழும் பாக்டீரியா அதனைச் செடி ஏற்கும் வடிவிற்கு மாற்றித் தருகிறது; செடி அதற்கு உணவளிக்கிறது. இப்பாக்டீரியாவை 1888ஆம் ஆண்டு நெதர்லாந்து அறிஞர் பெயரிங்க் பிரித்தெடுத்தார்.

வேர்ப்பூஞ்சை மற்றொரு துணை. வேர் எட்டாத இடங்களுக்கும் தன் நுண்ணிழைகளைச் செலுத்தி அது பாஸ்பரஸைக் கொண்டுவருகிறது. நிலத்தாவரங்களுள் பெரும்பாலானவை இவ்வுறவு உடையவை. கடுகு, முட்டைக்கோஸ் முதலியவற்றின் குடும்பத்தில் இது பொதுவாகக் காணப்படுவதில்லை.

நீர் கட்டிய வயல்

நெல் வயலில் நீர் தேங்கியதும் மண்ணிலுள்ள ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் விரைவில் பயன்படுத்தித் தீர்த்துவிடுகின்றன. பிறகு காற்றின்றி வாழும் உயிர்கள் மேலோங்குகின்றன. அவற்றுள் சில மீத்தேன் வாயுவை வெளியிடுகின்றன. நெல் தன் உடலிலுள்ள காற்றறைகள் வழியே வேருக்குக் காற்றைக் கொண்டுசெல்வதால், அதன் வேரடியில் மட்டும் ஆக்சிஜன் உள்ள மெல்லிய மண்டலம் அமைகிறது. பிடுங்கிய நெல்வேரின்மீது காணப்படும் செம்பழுப்புப் படிவு இதன் அடையாளம். ஒரே வயலில், ஒரு விரற்கடைக்குள், இரு வேறு உலகங்கள்!

பாசன நீரைக் 'காய்ச்சலும் பாய்ச்சலுமாக'க் கொடுக்கும்போது மண்ணுக்குள் இடையிடையே காற்று புகுகிறது. அதனால் மீத்தேன் உருவாவது குறைகிறது, நீரும் மிச்சமாகிறது. மாறாக, மாதக்கணக்கில் நீர் நின்ற வயலில் ரைசோபியத்தின் தொகை குறைந்துவிடக்கூடும். எனவேதான் ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் உயிர் உரத்தைக் கலந்து, பயறு விதையை அதில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்குமாறு வேளாண் துறையினர் பரிந்துரைக்கின்றனர்.

காய்ந்த மண்ணும் இட்ட எருவும்

உழுத மண் வெயிலில் நன்கு காய்ந்தால் கைப்பிடி எருவும் வேண்டாது பயிர் செழிக்கும் என்னும் கருத்து திருக்குறளின் உழவு அதிகாரத்தில் உள்ளது. கிழக்கு ஆப்பிரிக்க மண் வகைகளை ஆராய்ந்த பிர்ச் என்னும் அறிஞர், காய்ந்த மண் மீண்டும் நனையும்போது நுண்ணுயிர்ச் செயல்பாடு திடீரெனப் பெருகி நைட்ரஜன் வெளிப்படுவதை 1958இல் விளக்கினார். வறட்சியில் மடிந்த நுண்ணுயிர்களும் மண்ணின் மட்கும் எஞ்சிய உயிர்களுக்கு உணவாவதே இதற்குரிய காரணங்களுள் முதன்மையானது. கோடை உழவுக்குப் பின் பெய்யும் முதல் மழையில் பயிர் துளிர்ப்பதன் பின்னணி இது.

ஆயினும், இவ்வாறு வெளிப்படும் சத்து புதிதாக வந்ததன்று. மண்ணின் சேமிப்பிலிருந்து எடுக்கப்பட்டதே ஆகும். எடுத்துக்கொண்டே இருந்தால் இருப்புக் கரையும். அடுத்த குறளே உழவைவிட எருவிடுதலைச் சிறப்பித்துக் கூறுவது எண்ணத்தக்கது. தொழுவுரம், கொழுஞ்சி, சணப்பை, தக்கைப்பூண்டு ஆகிய பசுந்தாள் உரங்கள், ஆட்டுக்கிடை, ஏரி வண்டல் என நம் உழவர் கையாண்ட முறைகள் பலவும் அச்சேமிப்பை மீட்டு நிரப்பும் வழிகளே.

கோயம்புத்தூரில் 1909ஆம் ஆண்டு தொடங்கிய நிலையான உரப் பரிசோதனை வயல், ஒரே நிலத்தில் வெவ்வேறு உர முறைகளை நூறாண்டுக்கும் மேலாக ஒப்பிட்டு வருகிறது. தொழுவுரம் தொடர்ந்து பெறும் மண்ணில் கரிமச் சத்தும் நுண்ணுயிர்த் திரளும் கூடுதலாக உள்ளன. வேதி உரம் தன்னளவில் பகையன்று. அளவு மீறுவதே தீங்கு. நைட்ரஜன் உரம் மிகுந்தால் பயறு வேர்முடிச்சு வைப்பதைக் குறைத்துக்கொள்கிறது. பாஸ்பரஸ் மிகுந்தால் வேர்ப்பூஞ்சையின் உறவு தளர்கிறது. கேளாமலே கிடைக்கும்போது செடி எதற்காக விருந்து வைக்கும்?

இன்றைய பொறுப்பு

இன்று அறுவடை இயந்திரத்தின் சக்கரத் தடத்தில் முளைத்த பயறு நசுங்குவதுண்டு. அறுவடைக்குப்பின் வைக்கோலை வயலிலேயே எரிப்பவரும் உளர். எரியும்போது மேல்மண்ணின் உயிர்கள் மடிவதோடு, அவற்றுக்கு உணவாகவேண்டிய கரிமமும் புகையாகிறது. பயறு விதையாத ஓர் ஆண்டில் உழவர் இழப்பது ஒரு பருவ வருவாயை மட்டுமன்று. அடுத்த நெல்லுக்கு மண்ணில் எஞ்சியிருக்கக்கூடிய ஊட்டத்தையுமே.

நிலத்தின் உரிமை பட்டாவில் பதிவாகிறது. நிலத்தின் உயிர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அதனைக் கணக்கில் கொள்ளும் உழவரே வருங்காலத்திற்கு விளைநிலத்தை விட்டுச்செல்வார்.

கற்பவை கற்றபின்...

1. பூக்கும் பருவத்தில் உள்ள ஒரு பயறுச் செடியை மண்ணோடு பெயர்த்தெடுத்து, வேர்முடிச்சுகளை எண்ணுக. ஒன்றை வெட்டிப் பார்க்க. உட்புறம் இளஞ்சிவப்பாக இருந்தால் நைட்ரஜனை நிலைநிறுத்தும் பணி நடைபெறுகிறது என்பது பொருள்.

2. உங்கள் ஊரில் ஆட்டுக்கிடை போடும் வழக்கம் உண்டா? முதிய உழவர் ஒருவரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

3. 'மண்ணின் சேமிப்பு' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.