நம்பர் பிளேட் தெரிய எந்தக் கேமரா வாங்கணும்?



ராத்திரியில் ஆடு திருட வரும் வண்டிகளைப் பிடிக்க, நம்ம ஊர் நுழைவாயிலில் கேமரா வைக்கப் போகிறார்கள். வீட்டுக்கு வீடு பணம் வசூல் நடக்கிறது. பக்கத்து ஊரில் ஏற்கெனவே கேமரா இருக்கிறது. ஆனால் அங்கே ஆடு காணாமல் போனபோது, பதிவில் வண்டி தெரிந்தது, நம்பர் தெரியவில்லை! வெள்ளையாக ஒரு வெளிச்சம் மட்டும்தான். ஏன் அப்படி? நாம் படிக்கிற கணக்கும் அறிவியலுமே இதற்குப் பதில் சொல்லும். பார்ப்போமா?

1. குறுகலாகப் பார்க்க வேண்டும்

"தெரு முழுக்கத் தெரியும்" என்று சொல்லி விற்பார்கள். நம்பருக்கு அது உதவாது. ஃபுல் எச்.டி. படத்தில் குறுக்கே 1920 புள்ளிகள் இருக்கும். 20 மீட்டர் அகலத்தைப் படம் பிடித்தால் ஒரு மீட்டருக்கு 96 புள்ளிதான். பைக்கின் பின்பக்க பிளேட் 20 செ.மீ. அகலம். அதற்குக் கிடைப்பது வெறும் 19 புள்ளி! அதில் எழுத்தின் கோடு 7 மி.மீ. தடிமன். அதற்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்காது. பிறகு எப்படிப் படிப்பது?

அதே கேமராவை 4 மீட்டர் ரோட்டை மட்டும் பார்க்க வைத்தால், பிளேட்டுக்கு 96 புள்ளி கிடைக்கும். அதனால் தூரத்தைக் கிட்டே இழுத்துக் காட்டுகிற லென்ஸ் வேண்டும்.

2. ஷட்டர் வேகம்

மணிக்கு 36 கி.மீ. என்றால் விநாடிக்கு 10 மீட்டர். ஷட்டர் 1/25 விநாடி திறந்திருந்தால் அதற்குள் வண்டி 40 செ.மீ. போய்விடும். எழுத்து இழுபட்டு அழிந்துவிடும். 1/1000 விநாடி என்றால் 1 செ.மீ. மட்டுமே. வேகத்தடைக்குப் பக்கத்தில் கேமரா வைத்து, வண்டி 18 கி.மீ. வேகத்தில் வந்தால் அரை செ.மீ. தான்! ஆகவே ஷட்டரை நாமே மாற்றி வைக்கிற வசதி உண்டா என்று கடையில் கேட்கணும்.

3. இரவு வெளிச்சம்

ஷட்டர் சீக்கிரம் மூடினால் ஹெட்லைட் கூச்சம் குறையும். ஆனால் படமும் இருட்டாகிவிடும். அதற்குத்தான் அகச்சிவப்பு விளக்கு. நம்பர் பிளேட்டில் உள்ள பளபளப்பான தாள், வெளிச்சம் வந்த திசைக்கே அதைத் திருப்பி அனுப்பும். அதனால் விளக்கு கேமராவுக்குப் பக்கத்திலேயே இருந்தால் பிளேட் பளிச்சென்று தெரியும். மற்றதெல்லாம் இருட்டாகத்தான் இருக்கும். வண்டியின் வகையையும் ஆளையும் பார்க்க இன்னொரு சாதாரணக் கேமரா வேண்டும். திருடன் போலி நம்பர் ஒட்டி வந்தால் அதுதான் கைகொடுக்கும்.

4. வைக்கும் இடம்

கம்பத்தின் உச்சியில் வைத்தால் எழுத்து நசுங்கித் தெரியும். ரொம்பப் பக்கவாட்டிலும் கூடாது. சாய்வு 30 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. பைக்கில் முன்பக்க எழுத்தைவிடப் பின்பக்க எழுத்து பெரியது. எனவே வண்டி கடந்து போன பிறகு பின்னால் இருந்து எடுப்பதே மேல்.

பணம் கொடுக்கும் முன்

பகலில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ராத்திரி ஒரு பைக்கை லைட் போட்டு ஓட்டச் சொல்லி, பதிவில் நம்பரைப் படித்துப் பார்த்த பிறகே பணம் தரணும்.

இன்னொன்றும் சொல்லணும். நம்ம ஊரில் நுழைவாயில் பக்கத்தில்தான் குழாயடி இருக்கிறது. விடியற்காலையில் அம்மாக்களும் அக்காக்களும் அங்கே தண்ணி பிடிக்கிறார்கள். கேமரா ரோட்டை மட்டும் பார்க்கட்டும், குழாயடியைப் பார்க்க வேண்டாம். பதிவு யாரிடம் இருக்கும், யார் பார்க்கலாம், எத்தனை நாளில் அழிப்பார்கள் என்பதைக் கிராம சபையில் எல்லார் முன்னாடியும் பேசி எழுதி வைக்கணும். பெண்களும் போய்க் கேட்க வேண்டும். நம்ம வீட்டுப் பணமும் அதில் இருக்கிறதே!

உங்களுக்கு ஒரு கணக்கு: மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் போகும் லாரி, 1/500 விநாடியில் எத்தனை செ.மீ. நகரும்? விடையை எழுதி இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டுங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி