மலை வளைவில் கியரா, ஆட்டோமேட்டிக்கா?

மேலகரத்திலிருந்து செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவு, தென்மலைக்குக் காரில் போகிறீர்களா? புளியரை 'எஸ்' வளைவுக்கு முன்பே இவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

* கியர் வண்டி: வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். வளைவுக்குள் கிளட்சை மிதித்தபடி உருளக் கூடாது.

* ஏ.எம்.டி. வகை ஆட்டோமேட்டிக் வண்டி: ஏற்றத்தில் கியர் மாறும்போது ஒரு நொடி இழுவை விட்டுப்போகும். லாரியை முந்தும் நேரத்தில் அது ஆபத்து. 'எம்' (மேனுவல்) நிலைக்கு மாற்றி, கியரை முன்கூட்டியே குறைத்துக்கொள்ளுங்கள்.

* சி.வி.டி. வகை ஆட்டோமேட்டிக் வண்டி: இறக்கத்தில் 'டி'யிலேயே விட்டால் எஞ்சின் பிடிப்பு குறைவு. 'எல்' அல்லது 'எஸ்' நிலை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

* இறக்கம்: ஏறிய கியரிலேயே இறங்குவது பழைய டிரைவர்களின் கணக்கு. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடவே கூடாது. பிரேக்கை விட்டு விட்டு அழுத்துங்கள். கருகல் வாடை வந்தால் ஓரம்கட்டி ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

* மேட்டில் நின்றால்: ஆக்சிலேட்டரை மிதித்தே வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள், கிளட்ச் தேயும். ஏ.எம்.டி.க்கும் இது பொருந்தும். ஹேண்ட்பிரேக் போடுங்கள்.

* சாரல் காலம்: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாலை வழுக்கும். வளைவின் நடுவில் திடீர் பிரேக் வேண்டாம். குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கே முதல் வழி.

எது நல்லது? வளைவை ரசித்து ஓட்ட கியர் வண்டி. சீசன் நெரிசலில் கால் வலிக்காமல் போக ஆட்டோமேட்டிக். எதுவானாலும் கியரைத் தீர்மானிப்பது நீங்களாக இருங்கள்.